அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காது கேட்கவில்லை: இருவருக்கும் ஒரே வகைக் கருவி வாங்கலாமா?

லயத்துவீட்டுமகள் எழுதியது:

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து பின்னர் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிய ஒரு தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான். அப்பாவுக்கு இப்போது 64 வயது. அவர் 27 ஆண்டுகள் செம்பனை ஆலையில் வேலை செய்தவர். அம்மா ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு இருவரும் பட்டணத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) என்னுடன் இருக்கிறார்கள். இருவருக்குமே காது சரியாகக் கேட்பதில்லை. உறவினர்கள், "வயதானால் அப்படித்தான்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் நாள்தோறும் உடனிருந்து பார்க்கும் எனக்கு, இருவருக்கும் கேளாமல் போகும் விதமே வேறு வேறு என்று தோன்றுகிறது. அப்பா, "நீ பேசுவது கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறாய் என்று விளங்கவில்லை" என்கிறார். தட்டைக் கொடுங்கள் என்றால், எந்தக் கட்டு என்று கேட்கிறார். பேரப்பிள்ளைகளின் பேச்சு அறவே பிடிபடுவதில்லை. கோயில் தலைவரின் கனத்த குரல் மட்டும் நன்றாக விளங்குகிறது. நான் குரலை உயர்த்தினாலோ, "ஏன் கத்துகிறாய்?" என்று மனம் வருந்துகிறார். அம்மாவுக்குச் சிறுவயது முதல் வலது காதில் சீழ் வடிவதும் வற்றுவதுமாக இருக்கிறது. சில மாதங்களாக அதில் கெட்ட வாடையும் சேர்ந்திருக்கிறது. அவரிடம் சற்று உரக்கப் பேசினால் போதும், ஒரு சொல்லும் தவறாமல் விளங்கிக்கொள்கிறார்.

இணையத்தில் மலிவான காதுக்கருவிகள் விற்கப்படுகின்றன. ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பழைய டிரெசர் எழுதியது:

அன்பு மகளே, கருவி வாங்குவதைச் சற்று நிறுத்தி வையுங்கள். தோட்ட மருத்துவமனைகளில் 30 ஆண்டுகளுக்கு மேல் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) வேலை செய்தவன் நான். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன், உங்கள் பெற்றோர் இருவருக்கும் இருப்பது ஒரே குறை அன்று என்றே எனக்கும் தோன்றுகிறது. நாம் "செவிடு" என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். ஒலி மூளைக்குப் போகும் வழியில் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கண்டுபிடித்தால்தான், அது திருத்தக் கூடியதா, தாங்கிக்கொள்ள வேண்டியதா, அல்லது உடனே ஓடிப் போய்க் காட்ட வேண்டியதா என்பது தெரியும்.

காதின் துளை வழியாக உள்ளே போகும் ஒலி, செவிப்பறை என்னும் மெல்லிய சவ்வில் மோதி அதை அதிரச் செய்கிறது. சவ்வின் மறுபுறம் நடுச்செவி என்னும் சிறிய காற்றறை இருக்கிறது. அங்கே சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று குட்டி எலும்புகள் சங்கிலிபோல் கோத்து நிற்கின்றன. இவற்றில் அங்கவடியே நம் உடம்பின் மிகச் சிறிய எலும்பு. அதன் அடித்தட்டு, உட்செவியின் சன்னலில் பொருந்தி, அங்குள்ள திரவத்தைத் தட்டுகிறது. காற்றில் வந்த ஒலி நேராகத் திரவத்தில் மோதினால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். ஆற்றில் மூழ்கியவனுக்குக் கரையில் பேசுவது கேட்காதது இதனால்தான். செவிப்பறையின் அதிரும் பரப்பு அந்த அடித்தட்டைவிட ஏறத்தாழ 17 மடங்கு பெரியதாக இருப்பதால், பரந்த இடத்தில் பட்ட அழுத்தம் சிறிய இடத்தில் குவிந்து, திரவத்தை அசைக்கப் போதுமான வலிமை பெறுகிறது. அதன் பிறகு, நத்தை ஓடுபோல் சுருண்ட உட்செவிக் குழலில் உள்ள மயிரணுக்கள் அந்த அசைவை நரம்புக்குரிய மின்சைகையாக மாற்றுகின்றன.

துளை, சவ்வு, எலும்புச் சங்கிலி ஆகியவற்றில் ஏற்படும் கோளாறு ஒலியைக் கடத்துவதில் ஏற்படும் குறை. ஒலி குறைந்துதான் வருமே தவிர, சிதைந்து வராது. ஆகவே உரக்கப் பேசினால் விளங்கிவிடும். உங்கள் அம்மாவின் நிலை இதைப் போன்றது. மயிரணுக்களிலோ நரம்பிலோ கோளாறு என்றால் ஒலி குறைவதோடு சிதைந்தும் போகும். உரக்கப் பேசினால் இரைச்சல் கூடுமே தவிரத் தெளிவு கூடாது. அப்பாவுக்கு அதுவாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் உண்டு.

இதைப் பிரித்தறிய எங்களிடம் இருந்தது ஓர் இசைக்கவைதான். நொடிக்கு 512 முறை அதிரும் (512 ஹெர்ட்ஸ்) கவையைத் தட்டிக் காதுக்கு முன்னால் பிடிப்போம். பின்பு அதன் காம்பைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைப்போம். காற்றைவிட எலும்பின் வழியாகப் பெரிதாகக் கேட்டால், கடத்தும் வழியில் தடை இருக்கிறது என்று பொருள். நெற்றி நடுவில் வைத்தால், கடத்தல் குறை உள்ளவருக்கு ஒலி அந்தக் குறையுள்ள காதிலேயே கேட்கும். நரம்புக்குறை உள்ளவருக்கு நல்ல காதில் கேட்கும். ரின்னே, வேபர் என்ற இரண்டு ஜெர்மானியர்களின் பெயரால் 19 ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவரும் சோதனைகள் இவை. இன்றும் காது மருத்துவர்கள் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

அம்மாவின் காதில் வாடை வீசுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், ஏனெனில் அது எனக்குக் கவலை தருகிறது.

கொதிகலன் எழுதியது:

தங்கை, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்தபோது என்னைப் பற்றியே எழுதியதுபோல் இருந்தது. நானும் செம்பனை ஆலைக்காரன்தான். கொதிகலன், சுழலி அறை, கொட்டை உடைக்கும் பகுதி என மூன்றிலும் நின்றிருக்கிறேன். அந்தக் காலத்தில், "இரண்டு மாதத்தில் பழகிவிடும்" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அப்படியே பழகியும் விட்டது. பழகியது காது அன்று, காதில் இருந்த அணுக்கள் செத்துப்போனதைத்தான் நாங்கள் பழக்கம் என்று எண்ணிக்கொண்டோம் என்பது 20 ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் இரவு முழுவதும் காதுக்குள் வண்டு இரைவதுபோல் ஒரு சத்தம் இருக்கும், காலையில் குறைந்துவிடும். ஒரு நாள் அது குறையவே இல்லை.

இன்று ஆலையில் வேலை செய்யும் தம்பிகள் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் 1989 ஆம் ஆண்டு முதலே தொழிற்சாலை இரைச்சலுக்கு விதிகள் இருந்தன; அவற்றுக்குப் பதிலாக 2019 ஆம் ஆண்டு ஜூன் மாதம் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஒரு நாள் வேலையில் சராசரியாக 82 டெசிபெலைத் தாண்டினால் அது மிகையிரைச்சல். 85 டெசிபெல் என்பதே வரம்பு. எந்த நேரத்திலும் 115 டெசிபெலைத் தாண்டக் கூடாது. வரம்பைத் தாண்டிய இடத்தில் நிற்பவர்களுக்குக் காதுப் பாதுகாப்புச் சாதனம் கொடுப்பதும் கேட்புச் சோதனை நடத்துவதும் முதலாளியின் கடமை. டெசிபெல் கணக்கில் 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இருமடங்காகிறது. அதனால் 85 இல் 8 மணி நேரம் என்றால், 88 இல் 4 மணி நேரமும், 91 இல் 2 மணி நேரமும்தான் அதே அளவாகும். 100 டெசிபெலில் 15 நிமிடத்திலேயே ஒரு நாளின் பங்கு முடிந்துவிடுகிறது. கையை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், கருவி கொண்டு அளக்காமலே அந்த இடம் ஆபத்தானது என்று கொள்ளலாம்.

உறுமிக்காரன் எழுதியது:

கொதிகலன் அண்ணன் எழுதிய கணக்கைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் உறுமி மேளக் குழுவில் எட்டு ஆண்டுகளாக வாசிக்கிறேன். தைப்பூசக் காலத்தில் ஓர் இரவில் நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து வாசிப்போம். மறுநாள் காது அடைத்ததுபோல் இருக்கும், இரைச்சலும் இருக்கும், பிறகு சரியாகிவிடும். சரியாகிவிடுகிறது என்றால் சேதம் எதுவும் இல்லை என்று பொருள்தானே?

செவித்துணை எழுதியது:

வணக்கம். நான் கேட்பியல் பயின்று, கேட்புச் சோதனை செய்யும் பணியில் இருக்கிறேன். முதலில் தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மறுநாள் சரியாகிவிடுவது நற்செய்தி அன்று. மயிரணுக்கள் களைத்துப்போய் மீண்டிருக்கின்றன என்பதே அதன் பொருள். ஒவ்வொரு முறையும் அவை முழுவதும் மீள்வதில்லை. சாதாரணக் கேட்புச் சோதனையில் எதுவும் தெரியாதபோதே, மயிரணுவுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் இழக்கப்பட்டிருக்கலாம் என்பதை விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நீங்கள் உறுமியை விட வேண்டியதில்லை. இசைக்கலைஞர்களுக்கென்றே ஒலியைச் சிதைக்காமல் எல்லாச் சுருதிகளையும் ஒரே அளவில் குறைக்கும் காதடைப்பான்கள் உள்ளன. அவற்றை அணிந்து வாசியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மேளத்தை விட்டு விலகி நின்று காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

இனி, லயத்துவீட்டுமகளின் அப்பாவைப் பற்றி. ஒரு காதில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்களே இருக்கின்றன. மனிதரிடத்தில் இவை செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. நத்தைச்சுருளின் வாயருகே உள்ள அணுக்கள் கீச்சென்ற ஒலிகளையும், சுருளின் உச்சியில் உள்ளவை கனத்த ஒலிகளையும் உணர்கின்றன. இரைச்சலால் கெடும் காதில் முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுகிறது. கேட்பு வரைபடத்தில் அந்தப் பள்ளத்தைப் பார்த்தவுடனே, எந்தத் தொழிலில் இருந்தீர்கள் என்று நாங்கள் கேட்போம். வயதால் வரும் குறையும் கீச்சொலிகளிலிருந்தே தொடங்குகிறது. 60 வயதுக்கு மேல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுவதால், எது எவ்வளவு என்று பிரிப்பது கடினமாகிறது.

தட்டு என்பது கட்டு என்று கேட்பது ஏன் என்பதைத் தமிழை வைத்தே விளக்கலாம். நம் பேச்சில் உயிரொலிகள் கனமானவை, ஓசை மிக்கவை. அவை தாழ்ந்த சுருதிகளில் இருப்பதால் உங்கள் அப்பாவுக்கு நன்றாகவே கேட்கின்றன. க, ச, த, ப போன்ற வல்லினங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பிரித்துக் காட்டுவது, அவை வெடிக்கும்போது ஒரு கணம் தோன்றும் உயர்சுருதி ஓசைதான். அது மிக மெல்லியது. அந்தப் பகுதி போய்விட்டால் கட்டு, தட்டு, பட்டு மூன்றும் ஒன்றுபோலவே ஒலிக்கும், சட்டியும் பட்டியும் அப்படியே. ஆகவேதான் "கேட்கிறது, விளங்கவில்லை" என்கிறார். அவர் கவனிக்காமல் இருக்கிறார் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். குழந்தைகளின் குரல் மெல்லியதாகவும் சுருதி உயர்ந்தும் இருப்பதால் முதலில் இழக்கப்படுவது பேரப்பிள்ளைகளின் பேச்சுதான்; இது என் அறைக்கு வரும் முதியவர்கள் பெரும்பாலோர் கண்கலங்கிச் சொல்லும் செய்தி.

குரலை உயர்த்தினால் அவர் வருந்துவதற்கும் காரணம் இருக்கிறது. மயிரணுக்கள் இருவகை: ஏறத்தாழ 12,000 வெளி அணுக்கள் மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கின்றன, உள் அணுக்கள் அதை நரம்புக்குச் சொல்கின்றன. பெருக்கும் அணுக்கள் போய்விட்டால் மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் பெரிய ஒலி முன்போலவே பெரியதாகக் கேட்கும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் இடையிலுள்ள வெளி சுருங்கிவிடுகிறது. எல்லா ஒலியையும் ஒரே அளவில் உயர்த்தும் மலிவான கருவி, அவருக்குக் கேட்கும் கனத்த ஒலியை இன்னும் கனமாக்கித் துன்பம் கொடுக்கும். தேவையான சுருதியில் தேவையான அளவு கொடுக்காது. அவர் இரண்டு நாளில் அதைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிடுவார், பிறகு நல்ல கருவியையும் நம்ப மாட்டார். வரைபடம் எடுத்து, அதற்கேற்ப ஒலியமைப்புச் செய்த கருவிதான் வேண்டும்.

பழைய டிரெசர் எழுதியது:

அம்மாவைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். குழந்தைப் பருவத்தில் சளியோடு வரும் காதுவலியில் நடுச்செவியில் சீழ் கட்டி, செவிப்பறை கிழிந்து வடிவது உண்டு. பெரும்பாலும் அந்தக் கிழிசல் தானே மூடிக்கொள்ளும். மூடாமல் போனால், குளிக்கும் தண்ணீரும் ஒவ்வொரு சளியும் மீண்டும் மீண்டும் சீழை வரவழைக்கும். சவ்வில் துளை இருப்பதால் ஒலியைப் பிடிக்கும் பரப்பு குறைகிறது. ஆண்டுக்கணக்கில் சீழிலேயே ஊறும் குட்டி எலும்புகளும் அரித்துப்போகின்றன.

வாடை வீசும் சீழை மட்டும் எக்காரணம் கொண்டும் ஆறப்போடக் கூடாது. செவிப்பறையின் தோல் உள்நோக்கி வளர்ந்து, உதிரும் செதில்கள் நடுச்செவியில் உருண்டையாகச் சேர்வது ஒரு நோய். கொலஸ்டியடோமா என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அது புற்றுநோய் அன்று, ஆனாலும் சுற்றியுள்ள எலும்பை அரித்துக்கொண்டே போகும். முகத்தை அசைக்கும் நரம்பு அந்த எலும்புக்குள்தான் ஓடுகிறது. மேலே மெல்லிய எலும்புத் தகட்டுக்கு அப்பால் மூளை இருக்கிறது. முகம் கோணுதல், தலைச்சுற்றல், காய்ச்சலோடு கடுந்தலைவலி இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வராவிட்டாலும், நாளைக் காலையே அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போய், ஈப்போவில் உள்ள காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். இந்த நோய்க்குச் சொட்டு மருந்து முடிவாகாது, அறுவைதான் வழி.

இன்னொரு செய்தி. வீட்டில் பழைய சொட்டு மருந்து இருந்தால் அதைக் காதில் ஊற்ற வேண்டாம். ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை துளை விழுந்த காதில் உள்ளே இறங்கி மயிரணுக்களைக் கெடுக்கக் கூடும். அப்படிப்பட்ட காதுக்கு வேறு சொட்டு மருந்துகள் உள்ளன. மருந்தே காதைக் கெடுப்பது நம் தோட்டங்களுக்குப் புதிதன்று. மலேரியாக் காலத்தில் கொயினா விழுங்கிய நம் பாட்டன்மார்களுக்குக் காதில் ஓயாத இரைச்சல் இருந்தது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டு உயிர் பிழைத்தவர்களில் சிலர் காதை இழந்தார்கள். அன்று வேறு வழி இல்லை.

தாய்மனம் எழுதியது:

ஐயா, என் பாட்டி எங்களுக்குக் காதுவலி என்றால் பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிச் சொட்டு விடுவார். பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் விடுவதும் உண்டு. தீபாவளி எண்ணெய்க் குளியலில் காதில் எண்ணெய் விடாவிட்டால் குளியலே முடிந்ததாகக் கருத மாட்டார்கள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே. பெரியவர்கள் செய்ததை எல்லாம் தவறு என்று சொல்லிவிட வேண்டுமா?

பழைய டிரெசர் எழுதியது:

மகளே, உங்கள் பாட்டி அன்போடு செய்ததை நான் குறைசொல்ல மாட்டேன். சவ்வு முழுமையாக இருக்கும் காதில், வெதுவெதுப்பான சுத்தமான எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் காய்ந்த குறும்பி இளகும். ஆலிவ் எண்ணெயை மருத்துவர்களே அதற்காகச் சொல்வதுண்டு. ஆனால் சவ்வில் துளை இருக்கிறதா என்று பாட்டியால் பார்க்க முடியாது, நானும் விளக்கு வைத்த கருவி இல்லாமல் பார்க்க முடியாது. துளை உள்ள காதில் எண்ணெயும் பாலும் உள்ளே போனால் கிருமிக்கு உணவாகும். சூடு தவறினால் தோல் வெந்துவிடும். நம் ஊரின் ஈரப்பதத்தில், ஈரமும் பிசுக்கும் தங்கிய காதில் பூஞ்சை எளிதாக வளர்கிறது. கரும்புள்ளிகளோடு நனைந்த காகிதம்போல் அடைத்துக்கொண்டிருந்த பூஞ்சையை எத்தனையோ காதுகளிலிருந்து நான் எடுத்திருக்கிறேன். கடும் அரிப்பும் அடைப்பும் இருந்தால் அதை நினைத்துப் பாருங்கள்.

குறும்பியைப் பற்றியும் ஒரு சொல். அது அழுக்கன்று, காதின் தோலைக் காப்பது. காதுத் தோல் உள்ளிருந்து வெளியே நகர்ந்து அதைத் தானே தள்ளிவிடுகிறது. பஞ்சுக்குச்சி, ஊக்கு, சாவி, கோழியிறகு ஆகியவற்றால் குடைபவர்கள் அதை உள்ளே தள்ளி இறுக்கிவிடுகிறார்கள். ஆற்றில் குளித்த அன்று திடீரென்று காது அடைத்துவிட்டது என்று வருபவர்களில் பலருக்கு, முன்பே இறுகியிருந்த குறும்பி தண்ணீரில் ஊதியிருக்கும். எல்லாச் செவிட்டிலும் எளிதானது இதுதான். எடுத்துவிட்ட நொடியில் கேட்கும்.

தாய்மனம் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி, ஐயா. நான் அப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் மகன் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். வகுப்பில் கவனமே இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று ஆசிரியை சொன்னார். நான் அவனை அடித்தும் இருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனம் தாங்கவில்லை. சோதித்துப் பார்த்தபோது இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் பசைபோன்ற நீர் தேங்கியிருக்கிறது என்றார்கள். வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மருந்தே கொடுக்காமல் பொறுக்கச் சொல்வது சரியா?

செவித்துணை எழுதியது:

சகோதரி, உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள்; இது பெற்றோர் கண்ணுக்குத் தெரியாத குறை. நடுச்செவியை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் குழல் ஒன்று உண்டு. நாம் விழுங்கும்போது அது திறந்து காற்றைச் சமன் செய்கிறது. பிள்ளைகளுக்கு அக்குழல் குட்டையாகவும் ஏறத்தாழக் கிடையாகவும் இருக்கிறது. அதன் வாயருகே உள்ள அடினாய்டு என்னும் திசுவும் பருத்திருக்கும். காற்றுப் போகாத அறையில் நீர் ஊறிப் பசையாகிறது. சவ்வு நீரில் நனைந்த பறைபோல் அதிராமல் நின்றுவிடுகிறது. பெரும்பாலும் 20 முதல் 30 டெசிபெல் அளவே குறையும். அருகில் பேசினால் கேட்கும், வகுப்பின் பின் வரிசையில் கேட்காது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சில மாதங்களில் தானே வற்றிவிடுவதால் மூன்று மாதம் பொறுப்பது முறையான மருத்துவமே. வற்றாமல் கேட்புக்குறையும் நீடித்தால், சவ்வில் குட்டிக் குழல் ஒன்றைப் பொருத்திக் காற்றோட்டம் கொடுப்பார்கள். அதுவரை அவனை முன்வரிசையில் அமர்த்தி, முகத்தைப் பார்த்துப் பேசும்படி ஆசிரியையிடம் சொல்லுங்கள். வீட்டில் புகைப்பவர் இருந்தால் வெளியே போய்ப் புகைக்கட்டும். புகையும் இந்நோயை வளர்க்கிறது.

இதே நீர் ஒரு பெரியவருக்கு, அதுவும் ஒரே காதில், காரணமின்றி வந்தால் கதை வேறு. நம் நாட்டில், குறிப்பாகச் சீனரிடத்திலும் சரவாக்கின் பிடாயூ மக்களிடத்திலும் மூக்குப் பின்தொண்டைப் புற்றுநோய் மிகுதி. அது அந்தக் குழலின் வாயை அடைத்து முதலில் காதில்தான் தன்னைக் காட்டுவதுண்டு. இந்தியருக்கு அரிது என்றாலும், மூக்கின் பின்புறத்தைக் குழாய்க் கருவியால் பார்த்துவிடுவதே முறை.

நீலாம்பல் எழுதியது:

இந்த இழையைப் படித்துக்கொண்டு வந்தவள், என் கதையையும் சேர்க்கிறேன். எனக்கு 38 வயது. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு கேட்பு மெல்ல மெல்லக் குறைந்தது. வியப்பு என்னவென்றால், தொழிற்சாலையின் இரைச்சலில் தோழிகள் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்டது. அமைதியான வீட்டில்தான் கேட்கவில்லை. நான் மிக மெதுவாகப் பேசுகிறேன் என்று எல்லாரும் குறைபட்டார்கள். வீட்டில் மட்டும் கேளாததுபோல் நடிக்கிறேன் என்று மாமியார் நினைத்தார். நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை, எனக்கே அது விளங்கவில்லை.

அங்கவடி எலும்பின் அடித்தட்டைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்ந்து அதை அசையாமல் இறுக்கிவிட்டது என்று பின்னர் கண்டுபிடித்தார்கள். பெண்களிடத்தில் மிகுதியாகவும், குடும்பத்தில் தொடர்ந்தும் வரும் நோயாம் இது. இரைச்சலில் எல்லாரும் குரலை உயர்த்திப் பேசுவார்கள், அந்த இரைச்சல் எனக்கு மட்டும் குறைவாகவே கேட்கும். என் குரலோ எலும்பின் வழியாக எனக்குப் பெரிதாகக் கேட்பதால் மெதுவாகப் பேசினேன். 1956 ஆம் ஆண்டில் ஜான் ஷே என்ற அமெரிக்க மருத்துவர் அந்த எலும்பை எடுத்துவிட்டுச் செயற்கைத் துண்டு பொருத்தி வழி திறந்தார் என்று படித்தேன். அப்படி ஓர் அறுவையைச் சென்ற ஆண்டு நான் செய்துகொண்டேன். ஒரு காது இப்போது நன்றாக இருக்கிறது.

மலையோரத்தான் எழுதியது:

என் அனுபவம் வேறு. அதைச் சொன்னால் ஒருவருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடது காது செத்துப்போயிருந்தது. வலி இல்லை, ஒரு பெரிய இரைச்சல் மட்டும். ஒரு கிளினிக்கில் காட்டினேன். காதில் சிறிது குறும்பி இருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். நானும் நம்பிக் காத்திருந்தேன். ஐந்து வாரம் கழித்து ஈப்போவுக்குப் போனபோது, இது உட்செவியில் திடீரென்று ஏற்படும் இழப்பு, முதல் சில நாட்களிலேயே வந்திருந்தால் ஸ்டீராய்டு மருந்தால் மீட்க வாய்ப்பு இருந்திருக்கும் என்றார்கள். அந்தக் காது திரும்பவில்லை. யார் எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள் என்பதே இப்போது எனக்குத் தெரிவதில்லை. சாலையைக் கடக்கும்போது அச்சமாக இருக்கிறது.

செவித்துணை எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. மூன்று நாட்களுக்குள் ஒரு காது இப்படிக் குறைந்தால் அதை அவசர நோயாகவே கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால்தான் பலன் மிகுதி. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்: வாயை மூடி "ம்ம்" என்று நீளமாக முனகுங்கள். ஓசை அடைத்த காதிலேயே கேட்டால் குறும்பியோ நீரோ இருக்கக் கூடும். எதிர்க் காதில் கேட்டால் நரம்புவழிக் குறையாக இருக்கக் கூடும், அன்றே போங்கள். இது பழைய டிரெசர் ஐயா சொன்ன இசைக்கவைச் சோதனையின் எளிய வடிவம்தான், மருத்துவருக்கு மாற்றாகாது. உங்களுக்கு ஒரு காது முற்றும் போயிருப்பதால், அப்பக்கத்து ஒலியை நல்ல காதுக்கு அனுப்பும் கருவிகள் உள்ளன, கேட்டுப் பாருங்கள். செவிநரம்பில் கட்டி இல்லை என்று எம்ஆர்ஐ படம் எடுத்து உறுதி செய்தார்களா என்பதையும் எழுதுங்கள்.

மலையோரத்தான் எழுதியது:

எடுத்தார்கள், கட்டி இல்லை. கருவியைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. கேட்கிறேன்.

லயத்துவீட்டுமகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். பழைய டிரெசர் ஐயா சொன்னபடியே மறுநாள் காலையில் அம்மாவை அழைத்துப் போனேன். ஸ்கேன் படத்தில், அவர் அஞ்சிய அந்த நோய்தான் என்று தெரிந்தது. பட்டடை எலும்பு பெரும்பாலும் அரித்துப்போயிருக்கிறது. முக நரம்பை இன்னும் தொடவில்லை. அடுத்த மாதம் அறுவை. முதலில் நோயை அகற்றிக் காதை உலர்ந்ததாக்குவதுதான் நோக்கம், கேட்பைச் சீராக்குவது அதற்குப் பிறகுதான் என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அம்மா அஞ்சவில்லை. "இத்தனை ஆண்டு இந்த வாடைக்கு வெட்கப்பட்டு யார் பக்கத்திலும் உட்காராமல் இருந்தேன், போகட்டும்" என்றார். அவர் விருந்துகளில் ஒதுங்கி அமர்ந்ததற்குக் காரணம் அதுதான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்பாவின் வரைபடத்தில் தாழ்ந்த சுருதிகள் ஏறத்தாழ நன்றாகவே இருக்கின்றன. 4,000 ஹெர்ட்ஸில் இரண்டு காதும் 70 டெசிபெல் கோட்டையும் தாண்டிக் கீழே விழுந்திருக்கின்றன, அதாவது அதைவிட உரக்க ஒலித்தால்தான் கேட்கும். இரண்டு காதுக்கும் கருவி பொருத்திப் பழக்குகிறார்கள். முதல் வாரத்தில் கரண்டிச் சத்தம் எல்லாம் கூர்மையாகக் குத்துகிறது என்று கழற்றி வைத்தார். நாளுக்கு இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று மகள் அவரிடம் வீட்டுப்பாடத்தை வாசித்துக் காட்டினாள். இடையில் இரண்டு முறைதான் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

கொதிகலன் அண்ணன், ஆலை இரைச்சலால் வந்த கேட்பிழப்புக்குச் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் விண்ணப்பிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஓய்வு பெற்றவருக்கும் பொருந்துமா?

கொதிகலன் எழுதியது:

தங்கை, இரைச்சலால் வரும் கேட்பிழப்பு, 1969 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஓய்வு பெற்றவர் என்பதற்காக நீங்களே இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். சொக்சோ (மலாயில் பெர்கேசோ) அலுவலகத்துக்கு அவரை நேரில் அழைத்துப் போய்க் கேளுங்கள், தாமதிக்க வேண்டாம். கேட்பு வரைபடம், மருத்துவரின் கடிதம், எந்தெந்த ஆண்டில் ஆலையின் எந்தப் பகுதியில் நின்றார் என்ற விவரம் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். சந்தா பிடித்த சம்பளச் சீட்டுகள் இருந்தால் நல்லது. இரண்டு காதுக்கும் குறை மிகுதியாக இருந்தால், சமூகநலத் துறையில் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிவு செய்யவும் மருத்துவரிடம் கேட்கலாம்.

லயத்துவீட்டுமகள் எழுதியது:

நன்றி அண்ணன். லயத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்த தகரப் பெட்டியை அப்பா திறந்து வைத்திருக்கிறார். 1994 முதல் உள்ள சீட்டுகள் கிடைத்துவிட்டன. அதற்கு முந்தியவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.